தேவைப்பட்டால் மட்டும்

வீட்டுச் சாமான்களை ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்க்கும் நிறுவனங்கள் தருகிற விலைப்பட்டியலில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதற்பகுதி சுருக்கமானது. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சுங்கச்சாவடிக் கட்டணம், அவ்வளவுதான். நீளமானது இரண்டாம் பகுதி. 'கூடுதல் சேவைகள்' என்று தலைப்பிட்டு, பக்கத்திலேயே 'தேவைப்பட்டால் மட்டும்' என்று சேர்த்திருப்பார்கள். சாமான்களைக் கட்டித் தருதல், புதுவீட்டில் பிரித்து அடுக்குதல், கட்டில் பீரோக்களைக் கழற்றிப் பூட்டுதல், ஏ.சி.யைக் கழற்றி மாட்டுதல், வழிக் காப்பீடு, கிடங்கில் வைத்திருத்தல், இருசக்கர வண்டியை அனுப்புதல், காலிசெய்த வீட்டைக் கழுவித் துடைத்தல் என்று அது வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிறு சதுரம். வேண்டியதில் சரிக்குறி போட்டுக் கையொப்பமிட்டால் முடிந்தது.

2023 தை மாதம், தஞ்சாவூரிலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தபோது அந்தச் சதுரங்களின் முன் நாங்கள் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தோம். இருபத்தாறு ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்த வீடு. முந்தைய ஐப்பசியில் அப்பா காலமாகியிருந்தார். எங்கள் இருவரின் வேலையும் மேற்கே நகர்ந்துவிட்டது. அம்மா தனியே இருக்க முடியாது. மார்கழியில் போனால் கட்டணத்தில் கழிவு தருவதாக நிறுவனத்தார் சொன்னார்கள். மார்கழியிலும் ஆடியிலும் குடிபோகிறவர்கள் குறைவு என்பதால் அந்த மாதங்களில் அவர்களுடைய லாரிகள் சும்மா நிற்கின்றன. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தை பிறந்தபின்தான் நாள் குறித்தோம்.

சரிக்குறி போடத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, பட்டியல் எங்களிடம் கேட்பது பணம் பற்றிய கேள்வியை மட்டுமன்று என்று. இந்த வீட்டில் அன்னியர் கை படலாம் என்று எதை விடுவீர்கள், எதை விடமாட்டீர்கள் என்று அது வரிவரியாகக் கேட்டது. அப்படிக் கேட்கிற பட்டியலைக் குடும்பத்தார் மூவர் சேர்ந்து நிரப்புவது எளிதாக இல்லை.

அப்பா கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டு வரவு செலவை நோட்டுப் போட்டு எழுதும் வழக்கம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. நாற்பத்தொரு நோட்டுகள். அவற்றுள் 1979ஆம் ஆண்டு நோட்டை எடுத்துப் பார்த்தோம். அந்த ஆவணியில்தான் அவர்கள் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வந்தார்கள். வீடு மாற்றிய செலவு ஐந்தே வரிகளில் முடிந்திருந்தது. லாரி வாடகை 120 ரூபாய், ஏற்றுக்கூலி 16, இறக்குக்கூலி 16, கயிறு 7, டீ வடை 4 ரூபாய் 50 காசு.

கட்டுக்கூலி என்று ஒரு வரி அதில் இல்லை. ஏன் இல்லை என்பதை அம்மா சொன்னார். அத்தைகள் இருவரும் சித்தியும் இரண்டு நாள் முன்பே வந்துவிட்டார்களாம். பழைய புடவைகளிலும் வேட்டிகளிலும் பாத்திரங்களைச் சுற்றி, அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் சொம்பு என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்களாம். கண்ணாடிச் சாமான்கள் வைக்கோலுக்குள், புத்தகங்கள் கோணிச் சாக்கில், பீங்கான் ஜாடிகள் தலையணைகளுக்கு நடுவில். ஆக, இன்றைய பட்டியலில் கூடுதல் சேவை என்று வருகிற எல்லாமே அன்றும் நடந்திருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதனால்தானோ என்னவோ, அவை செலவுக் கணக்கில் ஏறவேயில்லை.

ஆனால் அந்த உழைப்புக்குக் கணக்கே இல்லாமலும் போய்விடவில்லை. அதே நோட்டில் சில மாதங்கள் தள்ளி, 'சித்தி வீடு மாற்றம், போக வர பஸ் 3 ரூபாய் 20 காசு' என்று ஒரு பதிவு. அத்தை குடிபெயர்ந்தபோதும் அப்படியொரு பஸ் கட்டணம். வாங்கிய உழைப்பை உழைப்பாலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ரூபாயாக மிஞ்சியது பேருந்துச் சீட்டின் விலை மட்டும்தான்.

இதைப் படித்தபோது எங்களுக்கு நெஞ்சு நெகிழத்தான் செய்தது. அந்தக் காலத்தைப் பற்றிப் பெருமூச்சோடு ஏதோ சொன்னோம். அம்மா உடனே மறித்துவிட்டார். "உங்களுக்கென்ன, படிக்க நன்றாகத்தான் இருக்கும். அந்தத் தடவை என் ஆவக்காய் ஜாடியை அத்தை கீழே போட்டு உடைத்தாள். ஒரு வார்த்தை கேட்க முடிந்ததா? பத்து வருஷம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். காசு கொடுத்துச் செய்தால் கேட்கலாம். கேட்கிற உரிமைக்குத்தான் காசு." முதல் சரிக்குறி அப்படித்தான் விழுந்தது. கட்டித் தரும் சேவை வேண்டும் என்று முடிவாயிற்று.

காலை எட்டு மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். மடித்த அட்டைப் பெட்டிகள், சுருள்சுருளாக நெளியட்டை, காற்றுக் குமிழித் தாள், பழைய செய்தித்தாள் கட்டு, பிசின் நாடா எல்லாம் கூடத்தில் இறங்கின. தட்டுகளைக் கிடையாக அடுக்காமல் பெட்டிக்குள் செங்குத்தாக நிறுத்தினார்கள். குலுங்கும்போது கிடையாக இருக்கும் தட்டின் நடுவில்தான் மேலுள்ளவற்றின் பாரம் முழுவதும் இறங்கும் என்று ஒருவர் விளக்கினார். கனமான சாமான்கள் சிறிய பெட்டிக்கு, இலேசானவை பெரிய பெட்டிக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டு, அதே எண்ணைத் தாளிலும் ஏற்றினார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களின் வேலை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

முழுக்கட்டுச் சேவையைப் பற்றி ஒரு கேலி உலவுகிறது. குப்பைக்கூடையைக் குப்பையோடு கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது அது. கண்ணில் பட்டது எதுவாயினும் சுற்றிப் பெட்டியில் வைப்பதுதான் அவர்களுக்கு இடப்பட்ட வேலை. எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. மற்ற அறைகளில் இதை எண்ணி நாங்களும் கவலைப்பட்டு, அவர்கள் கைக்குப் போகுமுன் பலவற்றைத் தரம் பிரித்துவைத்தோம்.

அப்பாவின் அறையை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஐப்பசிக்குப்பின் மூன்று மாதங்களாக அந்த அறையில் ஒரு பொருளும் இடம் மாறவில்லை. நாள்காட்டியில் அந்த மாதத்தின் தாள் கிழிபடாமல் இருந்தது. மேசைமேல் மூக்குக்கண்ணாடி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, கைத்தடி, சவரப் பெட்டி. பலமுறை நாங்கள் கதவைத் திறந்து, அலமாரிவரை போய்த் திரும்பியிருக்கிறோம். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால் அதை வைத்துக்கொள்வதா, யாருக்கேனும் கொடுப்பதா என்று அக்கணமே முடிவெடுத்தாக வேண்டும். அந்த வலு எங்கள் மூவரில் எவருக்கும் இருக்கவில்லை.

மேற்பார்வையாளர் வாசலில் நின்று, "இந்த ரூம் என்ன பண்றதுங்க சார்?" என்று கேட்டார். நாங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். "அப்படியே கட்டிடுங்க தம்பி" என்றார் அம்மா. நாற்பது நிமிடத்தில் அறை காலியாயிற்று. மாத்திரை அட்டையும் கண்ணாடியும் குமிழித் தாளில் தனித்தனியே சுற்றப்பட்டன. நாள்காட்டி, ஆணியிலிருந்து கழற்றப்பட்டு, தாள் மடங்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைக்கப்பட்டது. பட்டியலில் அவர்கள் எழுதியது இவ்வளவே: பெட்டி 31 முதல் 34 வரை, அறை 2, பலவகை. உறவினர் யாரேனும் வந்து இதைச் செய்திருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சொல் சொல்லியிருப்பார்கள், இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டிருப்பார்கள். ஒன்றும் தெரியாதவர்கள், ஒன்றும் கேட்காமல், எல்லாவற்றையும் ஒரே கவனத்துடன் சுற்றிவைத்தது எங்களுக்கு அன்று பெரிய உபகாரமாக இருந்தது. கேலிக்கு இலக்காகும் அந்தக் குணத்துக்குத்தான் நாங்கள் பணம் கொடுத்திருக்கிறோம் என்று பட்டது.

கழற்றிப் பூட்டும் சேவையில் வேறுவகை அனுபவம். இக்காலத்துக் கட்டில்கள் திருகாணியில் நிற்பவை. மின்திருப்புளி வைத்திருக்கும் ஒருவர் கால்மணி நேரத்தில் பலகை பலகையாகப் பிரித்துவிடுவார். எங்களிடம் இருந்த தேக்குக் கட்டில் முளையிலும் ஆப்பிலும் நிற்பது. வந்த இளைஞர் கைவிளக்கு அடித்து நான்கு கால்களிலும் ஆணியைத் தேடினார். அம்மா கீழே உட்கார்ந்து, எந்த ஆப்பை முதலில் தட்ட வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து தட்ட வேண்டும் என்று காட்டினார். அதன்பின் அந்த இளைஞர் நான்கு கால்களிலும் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டார். கோவையில் கட்டிலைப் பூட்டியது வேறொரு குழு. அவர்களுக்கு அந்த எண்கள் உதவின.

இச்சேவைகளுள் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவது வழிக் காப்பீடு. எங்களுக்கு வந்த பட்டியலில் அது நாம் குறிப்பிடும் மதிப்பில் நூற்றுக்கு மூன்று, அதன்மேல் 18 விழுக்காடு வரி. நான்கு இலட்சம் ரூபாய்ச் சாமான் என்று எழுதினால் 12,000 ரூபாயும் வரியாக 2,160 ரூபாயும். கட்டும் கூலிக்கு இணையான தொகை. பலரும் இந்த இடத்தில் பேனாவை எடுத்துவிடுகிறார்கள்.

சரிக்குறி போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காப்பீடு செய்வது யார்? காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பத்திரம், எண்ணோடு, நம் பெயருக்கு வருகிறதா? அல்லது ஏதேனும் நேர்ந்தால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று லாரி நிறுவனம் தரும் வாக்குறுதிக்குத்தான் காப்பீடு என்று பெயரா? இரண்டும் பட்டியலில் ஒரே சொல்லால் குறிக்கப்படலாம். பத்திரமாக இருந்தாலும் அதில் வகைகள் உண்டு. உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டு விதிகளில் 'ஏ' வகை ஏறத்தாழ எல்லா இடர்களுக்கும் ஈடு தருவது. 'பி' வகை தீ, இடி மின்னல், வண்டி மோதுதல், கவிழ்தல் போன்றவற்றுக்கு. 'சி' வகையோ தீயும் மின்னலும் மட்டும். குலுங்கி உடைந்த கண்ணாடிக்குப் பின்னிரண்டிலும் இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவைத்தோம். 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2007இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 மார்ச்சு முதல் நடைமுறையில் இருக்கிறது. சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ, கூடுதல் மதிப்பை முன்கூட்டிக் குறிப்பிட்டு அதற்கான கட்டணத்தைச் செலுத்தாதவரை, சரக்கேற்றுபவரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்குக்குள் அடங்கிவிடும். எங்கள் வாடகை 28,000 ரூபாய். வழக்குத் தொடுப்பதாயின், சரக்கைப் பதிவுசெய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அம்மா சொன்ன 'கேட்கிற உரிமை'க்குச் சட்டம் இப்படி அளவும் கெடுவும் வைத்திருக்கிறது.

காப்பீட்டுப் படிவத்தை நிரப்பிய மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. இடப்பக்கம் பொருளின் பெயர், வலப்பக்கம் மதிப்பு. தொலைக்காட்சி, ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம் எல்லாம் தடையின்றி வந்தன. தேக்குக் கட்டிலில் சற்றுத் தயங்கினோம். நோட்டுகளிடம் வந்தபோது பேனா நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் பொறுமைசாலி. "பேப்பருக்கு மதிப்பு போட முடியாதுங்க. நகை, பணம், பத்திரம், பழைய பேப்பர், இதெல்லாம் கவர் ஆகாது. கையிலயே எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். நல்ல யோசனைதான். நாற்பத்தொரு நோட்டுகளையும் இரண்டு பைகளில் போட்டு, செம்மொழி எக்ஸ்பிரசில் எங்கள் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு போவதென்று தீர்மானித்தோம்.

புத்தகங்களைக் கையில் கொண்டுபோக முடியாது. அவற்றை நாங்களே கட்ட விரும்பினோம். எந்தத் தட்டில் எது, எதற்குப்பின் எது என்ற வரிசை எங்களுக்குத்தானே தெரியும்? மூன்று இரவுகள் உட்கார்ந்து, இருபத்திரண்டு பெட்டிகளாகக் கட்டினோம். மறுநாள் அந்தப் பெட்டிகள்மேல் சிவப்பு மையில் ஒரு முத்திரை விழுந்தது: 'உரிமையாளர் கட்டியது'. அதன் பொருளை நாங்கள் கேட்டோம். தாங்கள் கட்டாத பெட்டிக்குள் என்ன இருந்தது, எந்நிலையில் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே வெளிப்பெட்டி நசுங்காதவரை உள்ளிருப்பது உடைந்தாலும் கிழிந்தாலும் அவர்கள் பொறுப்பாக மாட்டார்கள். காப்பீட்டிலும் போதாத கட்டு என்பது ஈடு மறுக்கப்படுவதற்கு ஒரு காரணம்.

நியாயமான விதிதான். குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் விளைவை எண்ணிப் பார்க்கையில் வியப்பாக இருந்தது. அன்னியரிடம் விட்ட மிக்சிக்கும் சோஃபாவுக்கும் பொறுப்பேற்க ஆள் உண்டு. பிரியத்தால் நாங்களே கட்டிய பெட்டிகளுக்கு ஆளில்லை. மிக வேண்டியது என்று கையிலேயே எடுத்துக்கொண்டதற்குப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. ஒரு பொருள் நமக்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவுக்கு அது ஈட்டின் எல்லையிலிருந்து விலகிப்போகிறது. விலைப்பட்டியல் எங்களுக்குச் சொல்லித்தந்த உண்மை இதுதான். நமக்கு மட்டுமே மதிப்புள்ளதை நாமேதான் சுமக்க வேண்டும். அதைச் சுமந்து தருவதாக எவரும் சொல்வதுமில்லை என்பது அந்தத் தொழிலின் நேர்மை.

நாங்கள் குறி போடாமல் விட்ட சதுரங்களும் உண்டு. ஒன்று, கிடங்கில் வைத்திருத்தல். சாமான் அடைக்கும் இடத்தின் கனஅளவைக் கணக்கிட்டு மாத வாடகை. இடைக்காலத்தில் வீடு கிடைக்காதவர்களுக்கு இது கைகொடுக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டுச் சாமான்களை இப்படி வைப்பதும் உண்டு. நண்பர் ஒருவர் நான்காண்டுகளாக வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார். கட்டிய வாடகை சாமான்களின் விலையை எப்போதோ தாண்டிவிட்டது. பிறர் பொருளைப் பாதுகாக்க ஏற்பவர், தன் சொந்தப் பொருளை ஓர் அறிவுள்ள மனிதர் எவ்வளவு கவனத்துடன் பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். சொந்தக்காரர் திரும்பி வருவாரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அப்பாவின் பெட்டிகள் முகவரியில்லாத ஓர் இருட்டில் இருப்பதை அம்மா விரும்பவில்லை. "பிரிக்காவிட்டாலும் நம் கூரைக்குக் கீழே இருக்கட்டும்" என்றார்.

இன்னொன்று, காலிசெய்த வீட்டைக் கழுவித் தருதல். இரண்டு ஆட்கள், ஒரு மணி நேரம், இயந்திரத் துடைப்பான். அதையும் வேண்டாம் என்றோம். லாரி கிளம்பியபின் அம்மா தாமே பெருக்கி, கூடத்தில் ஓர் அகல் ஏற்றிவைத்தார். அது எரிந்து முடியும்வரை வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தோம். சுவரில் அலமாரி நின்ற இடம் மட்டும் பழைய சுண்ணாம்பு வெளுப்போடு இருந்தது.

எந்த நிறுவனமும் ஏற்காதவை சில உண்டு. எரிவாயு உருளையை லாரியில் ஏற்றமாட்டார்கள். அதை முகவரிடம் ஒப்படைத்து, வைப்புத்தொகையையும் உரிய சீட்டையும் பெற்று, போகிற ஊரில் புது இணைப்பு வாங்கிக்கொள்ள வேண்டும். தொட்டிச் செடிகளை ஏற்றினாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அம்மாவின் துளசி மாடம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. ஒரு கிளையை மட்டும் ஈரத்துணியில் சுற்றி, நோட்டுப் பைக்கு மேலே வைத்துக்கொண்டோம்.

பட்டியலில் இல்லாத செலவு ஒன்றையும் சொல்ல வேண்டும். வந்த ஆறு பேரில் நால்வர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். மதியம் அம்மா எல்லோருக்கும் இலை போட்டார். சாப்பிட்டபின், பெட்டிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்த இளைஞரிடம், அவர் ஊரைவிட்டு வந்தபோது என்ன கொண்டுவந்தார் என்று அம்மா கேட்டார். மேற்பார்வையாளர் மொழிபெயர்த்தார். இளைஞர் சிரித்துக்கொண்டே சுவரோரம் இருந்த தம் தோள்பையைக் காட்டினார். ஒரு பை. அவருடைய குடிபெயர்வுக்கு லாரியும் இல்லை, பட்டியலும் இல்லை. எங்கள் வீட்டின் நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை அன்று மாலைக்குள் அவர் கட்டி முடித்தார். எல்லோருக்கும் கையில் கொஞ்சம் பணம் கொடுத்தோம். ரசீது கேட்கவோ கொடுக்கவோ இடமில்லாத வரவு அது.

லாரி கரூர், காங்கயம், பல்லடம் வழியாக மறுநாள் காலை கோவை வந்துசேர்ந்தது. ஃபிரிட்ஜைச் சில மணி நேரம் நிமிர்த்தி நிறுத்திவைத்துவிட்டு அப்புறம் மின்சாரம் கொடுங்கள் என்று சொல்லி, பெட்டிகளை இறக்கினார்கள். சமையலறைப் பெட்டி ஒன்றைத் திறந்தபோது ஒரு பீங்கான் ஜாடியின் வாய் சிதைந்திருந்தது. அவர்கள் கட்டிய பெட்டி. கையொப்பமிடுமுன் அம்மா அதைக் காட்டினார். மேற்பார்வையாளர் மறுக்கவில்லை. ஒப்படைப்புச் சீட்டில் 'ஜாடி 1, வாய் சேதம்' என்று எழுதி, மீதிப் பணத்தில் 350 ரூபாயைக் கழித்துக்கொண்டார். வீடு மாற்றுகிறவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, சேதத்தைச் சீட்டில் எழுதி வாங்கிய பிறகு கையொப்பமிடுங்கள். மீதிப் பணத்தை அதுவரை கையில் வைத்திருங்கள். அம்மாவுக்குப் பணம் பெரிதாகப் படவில்லை. "எழுதிக்கொண்டானே" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். 1979இல் கேட்கமுடியாமல் போன ஒன்றை இப்போதுதான் யாரோ எழுதிக்கொண்டதுபோல் இருந்தது அவர் குரல்.

பிரித்து அடுக்கும் சேவையை நாங்கள் சமையலறைக்கு மட்டும் எடுத்துக்கொண்டோம். புத்தகங்களை நாங்களே பத்து நாட்களில் அடுக்கினோம். 31 முதல் 34 வரையிலான பெட்டிகள் அம்மாவின் அறைப் பரணில் ஏறின. அந்த ஆண்டு முழுவதும் அவர் அவற்றைத் தொடவில்லை. அதன்பின் ஒருநாள் தாமாகவே 32ஐ இறக்கச் சொன்னார். ஒரு சட்டையை எடுப்பார், சிறிது நேரம் மடியில் வைத்திருப்பார், மடித்து ஒரு பக்கம் வைப்பார். ஒரு பெட்டிக்கு ஒரு மாதம் ஆயிற்று. இப்போது இரண்டு பிரிந்திருக்கின்றன. இரண்டு அப்படியே இருக்கின்றன. கட்டுவதை நாற்பது நிமிடத்தில் முடித்துத் தர ஆள் கிடைத்தார்கள். பிரிப்பதை அவரவர் வேகத்தில்தான் செய்ய முடியும்.

கோவை வந்த வாரம், அப்பாவின் கடைசி நோட்டில் எழுதாத பக்கங்கள் மிச்சம் இருப்பதை அம்மா பார்த்தார். வீடு மாற்றிய செலவை அதில் எழுதச் சொன்னார். அப்பா கோடு போடும் முறையிலேயே கோடு போட்டு எழுதினோம். லாரி வாடகை 28,000. கட்டுக்கூலி 14,000. காப்பீடு வரியுடன் 14,160. கழற்றிப் பூட்டுதல் 2,500. ஜாடிக்குக் கழிவு 350. ஆட்களுக்கு டீ, சாப்பாடு, கைச்செலவு 2,100. எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு, "ரயில் சார்ஜ் விட்டுப்போச்சே" என்றார் அம்மா. அதையும் எழுதிச் சேர்த்தோம்.